தட்டைத் தந்தார், ஆண்டை மறைத்தார்!

"ஜாஸ் இசை கேட்க விழைகிறேன், எந்த இசைத்தட்டில் தொடங்கலாம்?" இசை அன்பர் ஒருவர் இப்படிக் கேட்டுவிட்டால் போதும், பட்டியலோடு வந்து நிற்பர் பண்டிதர் பலர். மைல்ஸ் டேவிசின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்பர் முதலில். டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' என்பர் அடுத்து. சார்லஸ் மிங்கசின் 'மிங்கஸ் ஆ உம்' என்பர். துணிவு சற்று மிகுந்தவர் ஆர்னெட் கோல்மனின் 'த ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' என்பதையும் சேர்ப்பர். நான்கும் நல்ல தட்டுகள். நான்கும் 1959 என்ற ஒரே ஆண்டில் பதிவாகி, அதே ஆண்டில் வெளிவந்தவை.

பட்டியலில் பழுதில்லை. பட்டியலோடு சேர்த்துத் தருகிறார்களே ஓர் உபதேசம், பழுது அங்கே இருக்கிறது! "விளக்கைத் தணியுங்கள். சாய்வு நாற்காலியில் சாயுங்கள். வெளியே மழை பெய்தால் மிக நன்று. கண்ணை மூடுங்கள், கவலை பறந்துவிடும்" என்கிறார்கள். தலைவலித் தைலத்துக்கும் இதே விளம்பரம் பொருந்தும்!

தைலமா அந்த இசை? தாலாட்டவா பிறந்தது? தட்டைக் கையிலே தருகிறார்கள். அந்தத் தட்டு பிறந்த ஆண்டை மட்டும் மறைத்துவிடுகிறார்கள். 1959-ஐக் கேள் என்கிறார்கள். 1959-ஐ அறியாதே என்கிறார்கள். இந்த வேடிக்கையைத்தான் கண்டிக்கிறோம்.

ஜாஸ் உருவானது அமெரிக்காவின் தென்பகுதியில், நியூ ஆர்லியன்ஸ் நகரில், 19-ஆம் நூற்றாண்டு முடிந்து 20-ஆம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில். உருவாக்கியவர்கள், விலங்கிட்டுக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள். அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்ததா இழிவு? தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி, தனித் தண்ணீர்க் குழாய் என்று அது சட்டம் போட்டுக்கொண்டு உலவியது. அந்த நிலையில் வாழ்ந்தவர்கள் படைத்த இசை இது.

படைத்தவர் யார், பட்டம் பெற்றவர் யார் என்று பாருங்கள். 1917-இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு வெள்ளையர் ஐவர் அடங்கிய குழுவுடையது. அந்தக் குழு தன் பெயரிலேயே 'ஒரிஜினல்' என்று சேர்த்துக்கொண்டது! 'ஜாஸ் மன்னர்' என்ற மகுடம் பால் வைட்மன் என்ற வெள்ளையருக்குச் சூட்டப்பட்டது. 1930-இல் அந்தப் பெயரிலேயே திரைப்படமும் வந்தது. உழுதவன் ஒருவன், அறுவடைக்கு உரியவன் வேறொருவன். வயலில் மட்டுமா நடக்கிறது அந்தக் கொடுமை? இசையிலும் நடந்தது.

இனி, பட்டியலின் முதல் தட்டுக்கு வருவோம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' நியூயார்க்கில், 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் பதிவானது. மைல்ஸ் டேவிசின் டிரம்பெட், ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி இருவரின் சாக்சபோன், பில் எவன்சின் பியானோ (ஒரு பாடலுக்கு மட்டும் வின்டன் கெல்லி), பால் சேம்பர்சின் பாஸ், ஜிம்மி காபின் டிரம்ஸ். விரைந்து மாறிக்கொண்டே போகும் சுரக்கூட்டுகளைத் துரத்திக்கொண்டு வாசிப்பது அதுவரை வழக்கம். அந்த ஓட்டத்தை நிறுத்தினார் மைல்ஸ். 'சோ வாட்' என்ற முதல் பாடலைக் கேளுங்கள். ஒரு சுற்றுக்கு 32 தாளக் கட்டுகள். முதல் 16-க்கு ஒரே சுர வரிசை. அடுத்த 8-க்கு அதே வரிசை அரைச் சுரம் உயர்கிறது. கடைசி 8-க்கு மீண்டும் பழைய இடம். அவ்வளவுதான் சட்டகம்! மற்றதெல்லாம் வாசிப்பவரின் கற்பனை. ஓர் இராகத்தில் நின்று அதை விரித்துக்கொண்டே போவதைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது அயலாகத் தோன்றாது.

அந்தத் தட்டு 1959 ஆகஸ்ட் 17-இல் கடைக்கு வந்தது. ஆகஸ்ட் 25 இரவு, நியூயார்க்கின் 'பேர்ட்லண்ட்' இசைக்கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்த மைல்ஸ், இடைவேளையில் வெள்ளைப் பெண்மணி ஒருவரை வாடகைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு வாசலில் நின்றார். அவர் பெயரைத் தாங்கிய விளம்பரப் பலகை தலைக்கு மேலே. "நகர்ந்து போ" என்றார் போலீஸ்காரர். "நான் இங்கேதான் வாசிக்கிறேன்" என்று நின்றார் கலைஞர். அடி விழுந்தது தலையில். சட்டையெல்லாம் இரத்தம். தலைக்குத் தையல், கலைஞருக்குச் சிறை. பின்னர் நீதிமன்றம் அவர்மீது குற்றமில்லை என்றது. 2009-இல், தட்டு வெளிவந்து அரை நூற்றாண்டு ஆனபோது, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அதனைப் பாராட்டித் தீர்மானம் போட்டது; ஆதரவு 409, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அடித்த கை தட்டிய கையாக மாற ஐம்பது ஆண்டு!

"அடி விழுந்தது தட்டு பதிவான பிறகுதானே? அந்த இசைக்கும் இந்த அடிக்கும் என்ன தொடர்பு?" என்று குறுக்கே வருவார் பண்டிதர். வரட்டும். அந்த அடி அந்தத் தட்டில் ஒலிக்கிறது என்று நாம் சொல்லவில்லை. நாம் சொல்வது வேறு. அந்த அமைதி, நாடு தந்த அமைதி அன்று. வாசிக்கும் மனிதன் தானே ஆக்கிக்கொண்ட அமைதி. தெருவில் நிற்கவும் உரிமை இல்லாதவன், இசையில் ஓர் அரங்கு அமைத்து, அதில் அவசரமின்றி நடக்கிறான். அடக்கம் வேறு, அடங்கிப்போதல் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் அதைக் கேட்பவன் பாதித் தட்டைத்தான் கேட்கிறான்.

அடுத்து 'மிங்கஸ் ஆ உம்'. அதில் 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' என்று ஒரு பாடல். நொண்டி நொண்டி நடப்பதுபோல் தொடங்கும். கோமாளி மேடைக்கு வருவதுபோல் நெளியும். "வேடிக்கையான மெட்டு" என்று எழுதி முடித்துவிடுவார் பட்டியல்காரர். யார் அந்த ஃபாபஸ்? ஆர்கன்சா மாநிலத்தின் ஆளுநர். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரில், கறுப்பின மாணவர் ஒன்பதுபேர் பள்ளிக்குள் கால் வைக்கக்கூடாது என்று மாநிலப் படையைக் கொண்டு வழி மறித்தவர். ஒன்பது பிள்ளைகள் படிக்கப் போவதற்கு மத்திய அரசின் படை வரவேண்டியிருந்தது. அந்த ஆளுநரைத்தான் இசையாலே கோமாளியாக்கினார் மிங்கஸ்.

அந்தப் பாடலுக்குச் சொற்களும் உண்டு. ஆனால் 1959-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட தட்டில் சொற்கள் இல்லை; நிறுவனம் இடந்தரவில்லை என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அடுத்த ஆண்டு, 'சார்லஸ் மிங்கஸ் பிரசென்ட்ஸ் சார்லஸ் மிங்கஸ்' என்ற தட்டை 'கேண்டிட்' என்ற சிறு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். அதிலே மிங்கஸ் வினவுகிறார், டிரம்ஸ் வாசிக்கும் டேனி ரிச்மண்ட் விடை கூவுகிறார். ஆளுநரின் பெயர் சந்தி சிரிக்கிறது. இரண்டு தட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வாயைப் பொத்தினாலும் இசை எப்படிப் பேசும் என்பது முதல் தட்டில் விளங்கும். கையை எடுத்துவிட்டால் எப்படி முழங்கும் என்பது இரண்டாவதில் விளங்கும்.

"வரலாறு தெரிந்தால் சுவை கெடும்" என்பவருக்கு இதுவே மறுமொழி. ஃபாபசை அறியாதவன் செவியில் விழுவது வேடிக்கை மெட்டு. அறிந்தவன் செவியில் விழுவதோ, ஆணவத்தின் முகத்தில் அறையும் கேலி. எவன் கூடுதலாகக் கேட்டவன்? அறிவு செவியை அடைப்பதில்லை, அன்பர்களே, அகலத் திறக்கிறது!

அதே தட்டில் 'குட்பை போர்க் பை ஹேட்' என்ற இரங்கல் இசையும் இருக்கிறது. 1959 மார்ச் 15-இல் மறைந்த சாக்சபோன் மேதை லெஸ்டர் யங் அணியும் தொப்பியின் பெயரால் அமைந்தது அது. அவருடைய உற்ற தோழி பில்லி ஹாலிடே நான்கு மாதம் கழித்து, ஜூலை 17-இல் இறந்தார். எப்படி இறந்தார்? மருத்துவமனைக் கட்டிலில், போதைப்பொருள் வைத்திருந்தார் என்று கைது செய்யப்பட்ட நிலையில் இறந்தார். 1947-இல் தண்டிக்கப்பட்ட பிறகு, நியூயார்க்கில் மது விற்கும் இசைக்கூடங்களில் பாட அவருக்கு உரிமச்சீட்டு மறுக்கப்பட்டது. கார்னகி மண்டபத்தை 1948-இல் நிரப்பிக் காட்டிய குரலுக்கு, தெருக்கோடி இசைக்கூடத்தில் இடமில்லை! நீக்ரோ மக்களை மரத்திலே தூக்கிலிட்ட கொடுமையைக் கூறும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட்' பாடலை, அவருடைய வழக்கமான நிறுவனம் தயங்கியதால், 1939-இல் 'கமடோர்' என்ற சிறு நிறுவனத்துக்குப் பாடினார். 1959-இன் நான்கு தட்டைப் புகழ்வோரே, அந்த ஆண்டின் இந்தச் சாவை ஏன் பட்டியலின் ஓரத்தில்கூடக் குறிப்பதில்லை?

வெள்ளையர் என்றால் வெறுக்கச் சொல்கிறோமா? இல்லவே இல்லை. டேவ் புரூபெக் வெள்ளையர். 1954-இல் 'டைம்' ஏடு தன் அட்டையிலே அவர் படத்தைப் போட்டபோது, "இந்த இடம் டியூக் எலிங்டனுக்கு உரியது" என்று கூசினார் அவர். அவருடைய குழுவில் பாஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர். 1960-இல் தென்மாநிலக் கல்லூரிகள் பலவற்றில் நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. "ரைட்டை விட்டுவிட்டு வா" என்றார்கள். "அவர் இல்லையேல் நானும் இல்லை" என்றார் புரூபெக். பெரும்பாலான நிகழ்ச்சிகள் நின்றன, பணம் போயிற்று, மானம் நின்றது. இந்த வரலாற்றோடு கேளுங்கள் 'டைம் அவுட்'டை. அதில் பால் டெஸ்மண்ட் அமைத்த 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் நடப்பது. கண்ட சாபுவில் ஊறிய கை தானே தாளம் போடும். மற்றொரு பாடலில் ஒன்பது எண்ணிக்கை 2, 2, 2, 3 என்று பிரிகிறது. 1958-இல் துருக்கி, இந்தியா, இலங்கை என்று சுற்றியபோது, இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளம் அது. கேட்ட இடத்தை மறைக்காமல் பாடலின் பெயரிலேயே துருக்கியைச் சொன்னார். கற்றுக்கொள்வது களவன்று, கற்ற இடத்தை மறைப்பதே களவு.

நான்காவது தட்டு, ஆர்னெட் கோல்மனுடையது. வறுமையில் வளர்ந்த டெக்சாஸ்காரர். இளமையில் லூசியானாவில் வாசித்தபோது முரட்டுக் கும்பல் ஒன்று அவரை அடித்துச் சாக்சபோனையும் நொறுக்கியது. பின்னர் அவர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்சபோன். பியானோ இல்லாத குழு. அதனால் சுரக்கூட்டின் வேலியும் இல்லை. "இது இசையே அன்று" என்றார் சிலர். "இதுதான் வருங்காலம்" என்றார் சிலர். முதல்முறை கேட்கையில் உங்களுக்கும் குழப்பம் வரலாம். வரட்டும்! 'லோன்லி வுமன்' என்ற முதல் பாடலை மட்டும் மூன்றுமுறை கேளுங்கள். கீழே டிரம்ஸ் விரைந்தோடும். மேலே மெட்டு மெல்ல அழும். இரண்டு நடையும் ஒரே பாட்டில் இணைந்து வாழ்வதைச் செவி கண்டுகொள்ளும்.

நான்கு தட்டையும் அவற்றின் ஆண்டோடு சேர்த்துத் தந்துவிட்டோம். இனி, பண்டிதர் பட்டியல் பலவேளை விட்டுவிடும் தட்டுகளைச் சொல்கிறோம்.

ஒன்று: லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்', 'ஹாட் செவன்' பதிவுகள், 1925 முதல் 1928 வரை. பழைய பதிவு, கரகரக்கும் ஒலி என்று ஒதுக்காதீர். குழுவாக வாசிப்பதே மரபாக இருந்த இசையில், தனியொருவன் எழுந்து தன் கற்பனையால் ஆளலாம் என்று காட்டியவை அவை. லில் ஹார்டின் என்ற பெண்மணியின் பியானோவும் அவற்றில் உண்டு. "வெள்ளையரைச் சிரிக்கவைத்துப் பிழைத்தவர்" என்று ஆம்ஸ்ட்ராங்கை ஏசியோர் உண்டு. அந்தச் சிரித்த முகத்தார்தான், லிட்டில் ராக் கொடுமையைக் கண்டு 1957-இல் குடியரசுத் தலைவரையே கடிந்துரைத்து, அரசின் சார்பில் சோவியத் நாடு செல்ல மறுத்தவர்!

இரண்டு: டியூக் எலிங்டனின் 'பிளாக், பிரவுன் அண்ட் பேஜ்'. 1943 ஜனவரி 23-இல் கார்னகி மண்டபத்தில் அரங்கேறியது. அந்த இரவின் பதிவு பிற்காலத்தில் தட்டாக வந்தது. தம் இனத்தின் வரலாற்றை, அடிமைக் காலத்திலிருந்து தம் காலம்வரை, நெடும் படைப்பாக இசைத்துக் காட்டினார். 1965-இல் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்குமாறு புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் பரிந்துரைத்தனர். மேலே அமர்ந்திருந்த குழு மறுத்தது. 1999-இல் வழங்கினார்கள்; அப்போது அவர் மறைந்து 25 ஆண்டு ஆகியிருந்தது. கல்லறைக்கு மாலை போடுவது எளிது. உயிரோடு இருப்பவனுக்கு நாற்காலி போடுவதல்லவா கடினம்!

மூன்று: சோனி ரோலின்சின் 'ஃப்ரீடம் சூட்', 1958. சாக்சபோன், பாஸ், டிரம்ஸ் என மூன்றே கருவி. தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே படைப்பு. பிற்பாடு அதே பதிவை வேறொரு பாட்டின் பெயரால், 'ஷேடோ வால்ட்ஸ்' என்று மறுவெளியீடு செய்தார்கள். 'விடுதலை' என்ற சொல் அட்டையிலிருந்து போயிற்று, இசையிலிருந்து போகவில்லை.

நான்கு: மேக்ஸ் ரோச்சின் 'வி இன்சிஸ்ட்!', 1960. உணவகத்தில் வெள்ளையர்க்குரிய இருக்கையில் கறுப்பின இளைஞர் அமர்ந்திருக்கும் படம் அட்டையில். அவ்வாண்டு பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் மாணவர் நால்வர் தொடங்கிய அறப்போரின் சின்னம் அது. ஆபி லிங்கன் அம்மையார் ஓரிடத்தில் சொற்களைத் துறந்து அலறுகிறார். அந்த அலறலை மழைக்கால மாலைக்கு எவர் பரிந்துரைப்பார்? அதே அம்மையார் 1961-இல் 'ஸ்ட்ரெயிட் அஹெட்' என்ற தட்டைத் தந்தபோது, 'டவுன்பீட்' ஏட்டின் விமரிசகர் ஒருவர், தம் இனத்தையே தொழிலாக்குகிறார் என்ற பொருள்பட எழுதினார். இழிவு செய்தவனுக்கு இனவெறி இல்லை. இழிவைப் பாடியவளுக்குத்தான் உண்டாம்! நன்று, நன்று, நடுநிலைமை!

ஐந்து: ஜான் கோல்ட்ரேனின் 'அலபாமா'. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, அலபாமாவின் பர்மிங்காம் நகரில் தேவாலயத்தில் குண்டு வைத்தார்கள் இனவெறியர். மாண்டவர்கள் நான்கு சிறுமியர். நவம்பர் 18-இல் கோல்ட்ரேன் இதனைப் பதிவு செய்தார். ஒரு சொல் இல்லை. அடிச்சுரத்தில் பியானோ உறுமி நிற்க, சாக்சபோன் மெல்ல, மிக மெல்லப் பேசுகிறது. ஐந்து நிமிடம். அது இடம்பெற்ற தட்டின் பெயர் 'லைவ் அட் பேர்ட்லண்ட்'. மைல்ஸ் டேவிஸ் எந்த வாசலில் அடிபட்டாரோ, அந்த வாசலின் பெயர்.

"அப்படியானால் போராட்டம் இருந்தால் போதும், அது இசை என்பீரோ?" என்று கடைசிக் கணை தொடுப்பார் பண்டிதர். இல்லை ஐயா! முழக்கம் மட்டும் இசையாகாது. மேக்ஸ் ரோச்சின் கை வலுவற்றதாயிருந்தால் அட்டைப்படம் அதைக் காப்பாற்றியிராது. கோல்ட்ரேனின் மூச்சில் தேர்ச்சி இல்லையேல் துயரம் வெறும் ஓலமாகியிருக்கும். கலையில் சிறந்தவை என்பதால்தான் இவற்றைச் சொல்கிறோம். ஆனால், கலையில் சிறந்தவனை மனிதனாகவும் மதி என்கிறோம். வாசிப்பு வேண்டும், வாசித்தவன் வேண்டா என்பது இரசிகத்தனம் அன்று, சுரண்டல்!

இன்றைக்கு இந்தச் சுரண்டல் புதுவேடம் பூண்டிருக்கிறது. பழைய நெடுந்தட்டின் பின்னட்டையிலே வாசித்தவர் பெயர்கள் இருந்தன. பதிவின் வரலாறும் பலவேளை இருந்தது. இன்று கைப்பேசியைத் தொட்டால் பாட்டு வருகிறது. தலைவர் பெயர் தெரியும். உடன் வாசித்தோரின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். பால் சேம்பர்சின் விரல் நம் செவியில் நடக்கிறது. அவர் பெயர் நம் கண்ணில் படுவதில்லை. "படிப்பதற்கு ஜாஸ்", "உறங்குவதற்கு ஜாஸ்" என்று மூட்டை கட்டித் தருகிறார்கள். வேலைக்காரன் வரவேண்டும், ஆனால் முகம் தெரியக்கூடாது என்பாரே பழைய பிரபு, அந்தக் குணத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

எனவே, இசை அன்பர்களே, இருபது தட்டை ஒரே நாளில் விழுங்காதீர். ஒரு வாரத்துக்கு ஒரு தட்டு போதும். கேட்குமுன் மூன்று செய்தி அறியுங்கள்: எந்த ஆண்டில் பதிவானது, யார் யார் வாசித்தனர், அந்த ஆண்டில் அவர்கள் எந்த வாசல் வழியாக அரங்கினுள் அனுமதிக்கப்பட்டனர். பிறகு கேளுங்கள். ஒருமுறை டிரம்பெட்டை மட்டும் பின்தொடருங்கள், ஒருமுறை பாசை, ஒருமுறை டிரம்சை. நான்காம் முறை எல்லோரையும் சேர்த்து.

விளக்கைத் தணிக்க வேண்டா. ஏற்றி வையுங்கள். அட்டையிலே எழுதியிருக்கும் பெயர்களைப் படிக்க வெளிச்சம் வேண்டும்!